இழைமணியும் ஈருறுப்பு நோயும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் கண்டனூருக்குச் சென்றிருந்தபோது எம் அப்பத்தாவின் தலையணையடியில் இரண்டு மருந்துச் சீட்டுகள் இருந்தன. ஒன்று இதய மருத்துவர் எழுதியது; மற்றொன்று சிறுநீரக மருத்துவர் எழுதியது. முன்னதில் நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டுமாறு கண்டிருந்தது. பின்னதில் அதே மாத்திரையைக் குறைக்குமாறு கண்டிருந்தது. இரண்டிற்கும் இடையே ஆறே நாள். அப்பத்தா இரண்டு சீட்டையும் எம் கையிற் கொடுத்து, "ஒரு உடம்புக்கு ரெண்டு வைத்தியமாடா அப்பு? நீ படிச்சவனாச்சே, எதைக் கேக்குறதுன்னு சொல்லு" என்றார். ஒரே சூத்திரத்திற்கு இளம்பூரணர் கொண்ட பொருள் இது, சேனாவரையர் கொண்ட பொருள் இது எனப் பிரித்துரைக்கப் பழகிய எமக்கு, இவ்விரண்டு உரையாசிரியருள் எவர் உரை பொருந்தும் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம். யாம் மருத்துவம் பயின்றேம் அல்லேம். கல்லூரி நூல்நிலையத்தையும், உயிரியல் வகுப்பு நண்பர் ஒருவரின் பொறுமையையும் துணைக்கொண்டு அறிந்தவற்றை, எம்மைப் போன்ற தமிழ் மாணவருக்கும் விளங்குமாறு எழுத முயல்கின்றோம்.

இதயம் நோயுற்றால் சிறுநீரகம் கெடுவதும், சிறுநீரகம் நோயுற்றால் இதயம் கெடுவதும் புதிய செய்தியன்று. 1836ஆம் ஆண்டிலேயே இலண்டன் கை மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட்டு என்பார், சிறுநீரகம் கெட்டு இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்தபோது அவர்களுள் பலருக்கு இதயமும் பருத்திருக்கக் கண்டு எழுதினார். எபிரெய மொழியின் பழைய ஆகமங்களில் இதயமும் சிறுநீரகமும் மனிதனின் மறைவான உள்ளத்தைக் குறிக்கும் இணைச்சொற்களாகப் பல இடங்களில் வருகின்றன. நம் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் பின்னதை 'உள்ளிந்திரியம்' என்று பொதுப்படச் சொல்லி விட்டமையால், அவ்விணை நம் கண்ணுக்குப் புலப்படாது போயிற்று. நிற்க. இவ்விரண்டுறுப்பு நோய்க்குத் திட்டமான வகுப்பு முறை 2008ஆம் ஆண்டில்தான் வந்தது. இத்தாலி நாட்டு மருத்துவர் கிளாடியோ ரோங்கோவும் பிறரும் அதனை ஐந்து வகையாக்கினர். இதயத்திலிருந்து சிறுநீரகத்திற்குச் செல்வது இரண்டு, விரைவும் நெடுநாளும் என; சிறுநீரகத்திலிருந்து இதயத்திற்குச் செல்வது இரண்டு, அவ்வாறே; நீரிழிவு போன்ற பிறிதொரு நோயால் இரண்டும் ஒருங்கே கெடுவது ஐந்தாவது.

வகுத்தது நன்று, ஆயினும் வகுப்பு காரணமாகாது. ஏன் இவ்விரண்டு உறுப்பும் மட்டும் இவ்வாறு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வீழ வேண்டும்? நுரையீரலும் ஈரலும் இல்லையா? இக்கேள்விக்கு விடை தேடுவார் இன்று செல்லுமிடங்களுள் ஒன்று, உயிரணுவின் உள்ளே கிடக்கும் ஒரு நுண்பொருள். அதனை மைட்டோகாண்டிரியா என்பர். 1898இல் ஜெர்மானியர் கார்ல் பெண்டா இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் 'மைட்டோஸ்' நூலிழை, 'கோண்டிரியோன்' சிறுமணி. உருப்பெருக்கியில் அது சிலபோது இழையாகவும் சிலபோது மணியாகவும் தோன்றியமையால் அப்பெயர் பெற்றது. தமிழில் இதனை இழைமணி என்கின்றனர். கலைச்சொற்களுள் இத்துணை நேர்மையாக அமைந்தது வேறொன்று எம் கண்ணிற் பட்டதில்லை.

இழைமணிக்கு இரண்டு சுவர். வெளிச்சுவர் வழவழப்பானது. உட்சுவரோ மடிப்பு மடிப்பாக உள்நோக்கிச் சுருண்டு, சிறிய இடத்தில் பெரும்பரப்பை அடக்கியிருப்பது. முகப்பிலிருந்து பார்ப்பார்க்கு ஒரு வாயிலும், உள்ளே புகுவார்க்குக் கட்டுக் கட்டாக வளவுகளும் காட்டும் செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வேலையெல்லாம் அறைகளில் அன்று, சுவரிலேயே நடைபெறுகிறது. நாம் உண்ட சோற்றின் சர்க்கரையும் எண்ணெயின் கொழுப்பும் சிதைந்து மின்னணுக்களைத் தருகின்றன. அம்மின்னணுக்கள் உட்சுவரிலுள்ள புரதங்களின்மேல் படிப்படியாக இறங்கி, இறுதியில் நாம் இழுத்த மூச்சின் பிராணவாயுவைச் சென்று சேர்கின்றன. இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலால் நீரக அயனிகள் சுவருக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அப்பால் மிகுதி, இப்பால் குறைவு. ஆதலின் சுவரின் இருபுறத்தும் மின்னழுத்த வேறுபாடு பிறக்கிறது.

கண்டனூரிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தில் செல்வோர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை அறிவர். அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் எழுந்தது அது. 1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953ஆம் ஆண்டு சனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலங்களின் இயல்பை ஆராய்வது அந்நிலையத்தின் பணிகளுள் ஒன்று. சிறுவயதில் அதன் மதிலைக் கடந்து செல்லும்போதெல்லாம், மின்கலம் என்பது கைவிளக்கிலும் உந்துவண்டியிலும் இருப்பது என்றே எண்ணியிருந்தோம். நம் உடலின் ஒவ்வோர் இழைமணியும் ஒரு மின்கலமே என்று 1961இல் ஆங்கிலேயர் பீட்டர் மிச்சல் சொன்னபோது அறிஞருலகமும் எளிதில் நம்பவில்லை. 1978இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உட்சுவரின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே. ஆனால் அச்சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு அளவினது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் என்னும் விகிதம் வருகிறது! அப்பால் தேங்கிய அயனிகள் திரும்பி வரும் வழியில் ஒரு நுண்சக்கரம் இருக்கிறது. அவை வரும் விசையில் அது சுழல்கிறது. சுழலச் சுழல ஏ.டி.பி. என்னும் பொருள் உண்டாகிறது.

இந்த ஏ.டி.பி.யே உயிரணுவின் கைச்செலவுப் பணம். எம் பாட்டனார் செட்டியார் வீடொன்றில் கணக்கெழுதியவர். அவர் வழக்கிற் சொல்வதாயின், கொழுப்பும் சர்க்கரையும் நிலமும் நகையும் போல்வன. கடையில் அவற்றை நீட்டிச் சாமான் வாங்க இயலாது. பெட்டியடியிலுள்ள சில்லறையே வேண்டும். அச்சில்லறை எந்நேரமும் உடலில் நூறு கிராம் அளவிற்குள்தான் இருப்பு. ஒரு நாட்செலவோ ஏறத்தாழ நம் உடல் எடையளவு. உண்டாக்கி உண்டாக்கிச் செலவிட்டாலன்றி உயிர் ஒரு கணமும் நில்லாது.

ஏ.டி.பி.யைக் கண்டறிந்தோருள் ஒருவர் சென்னையிற் படித்தவர் என்பது நம் மாணவர் பலர் அறியாதது. எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் பீமவரத்திற் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். அறுவை வகுப்பிற்குக் கதராடை உடுத்து வந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்பிற்கு ஆளாகி, முழுப் பட்டமும் கிட்டாது போனார். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயுடன் உழைத்து, 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி.யையும் தசையில் கண்டார், ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனித்துக் கண்டார். ஒன்று கைச்செலவுப் பணம். மற்றொன்று அது தீருங்கால் உடனே மாற்றிக்கொள்ளக்கூடிய அவசரச் சேமிப்பு. இவ்விரண்டு பொருளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் மீண்டும் வருவோம்.

இனி, இதயத்திற்கு வருவோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் அதற்கு ஆகும் ஏ.டி.பி. ஆறு கிலோ என்பர். அதன் எடையோ கால் கிலோ முதல் மூன்றிலொரு கிலோ வரையில். இதயத் தசையணுவின் கன அளவில் மூன்றிலொரு பங்கு இழைமணிகளே நிறைந்துள்ளன. ஆற்றலிற் பெரும்பகுதியை அது கொழுப்பை எரித்துப் பெறுகிறது. இருப்போ சில நொடிகளுக்கே போதும்.

சிறுநீரகத்தைக் குறித்து யாம் கொண்டிருந்த எண்ணம் முற்றும் தவறு. வடிதுணி போல அது சும்மா கிடக்க, குருதி தானே வடிகிறது என்றிருந்தோம். உண்மை வேறு. உடலின் எடையில் இருநூறில் ஒரு பங்கே உள்ள இரண்டு சிறுநீரகங்களுக்கும் இதயம் தள்ளும் குருதியில் ஐந்திலொரு பங்குக்கு மேல் செல்கிறது. நாளொன்றுக்கு அவை வடிப்பது 180 லிட்டர். வெளியே செல்வது ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியதனைத்தும் மீட்கப்படுகிறது! வடிப்பது எளிது, அதனை இதயத்தின் அழுத்தமே செய்து தருகிறது; மீட்பதே அரும்பணி. உப்பின் சோடியத்தை ஒவ்வோர் அணுவாக ஏற்றம் இறைப்பதுபோல் இறைத்துக் குருதிக்குத் திருப்ப வேண்டும். ஒரு ஏ.டி.பி. செலவிட்டால் மூன்று சோடியம் வெளியேறும், இரண்டு பொட்டாசியம் உள்ளே வரும். 1957இல் டென்மார்க்கினர் ஜென்ஸ் ஸ்கவு கண்ட பம்பு இது. இவ்வேலையின் மிகுதி நடைபெறும் முன்குழல் அணுக்களில் இழைமணிகள் அடிச்சுவரை ஒட்டி நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. நண்பர் எமக்கு அதன் படத்தைக் காட்டியபோது புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை அடுக்கியதே நினைவிற்கு வந்தது. இவ்வணுக்களும் இதயத்தைப் போலவே கொழுப்பை எரிப்பன. பிராணவாயு இல்லாது சர்க்கரையைக் கொண்டு காலந்தள்ளும் திறம் இவற்றிற்கு மிகக் குறைவு.

ஆக, ஓயாது உழைப்பது, சேமிப்பு இல்லாதது, இழைமணியையே நம்பியிருப்பது என்னும் மூன்றானும் இவ்விரண்டு உறுப்பும் ஒத்தன. இணைந்து கெடுவதற்கு வேண்டிய நிலம் இங்கேயே அமைந்துவிட்டது.

கேடு எவ்வாறு செல்கிறது என்பதைக் காண்போம். கண்டனூரில் ஊருணியைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஊருணிக்கு வரத்துக்கால் அடைபட்டாலும் தீங்கு. மிகுநீர் வெளியேறும் வழி அடைபட்டாலும் தீங்கு. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்திற்கு வரும் குருதி குறைகிறது. அதோடு, இதயம் ஏற்றுக்கொள்ளாத குருதி சிரைகளிற் பின்னோக்கித் தேங்கிச் சிறுநீரகத்தை அழுத்துகிறது. முன்னாளில் வரத்துக் குறைவையே பெரிதாகச் சொன்னார்கள். தேக்கமும் அதற்குக் குறைந்ததன்று எனக் கடந்த இருபது ஆண்டுகளில் தெளிந்துள்ளனர். வரத்துக் குறைந்ததும் சிறுநீரகம், உடலில் நீர் வற்றிவிட்டது என்று தவறாக உணர்ந்து, ஆஞ்சியோடென்சின் முதலிய சுரப்புகளைப் பெருக்கி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அப்பத்தாவின் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி நின்றது இதனால்தான்.

அந்த ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்குவதோடு நில்லாது, இழைமணிகளையும் தாக்குகிறது. படியிறங்கும் மின்னணுக்களில் சில எப்போதும் இடையே சிந்தி, பிராணவாயுவைப் பற்றி, அதனைக் கடுமையான பொருளாக்கும். நலமுள்ள அணு அதனை அவ்வப்போது அவித்துவிடும். தாக்குண்ட இழைமணியில் சிந்துவது மிகுகிறது, அவிப்பது குறைகிறது. அடுப்பில் எரிய வேண்டிய நெருப்பு கூரையிற் பற்றியது போலாகி, அச்சுவரின் கொழுப்பும், இழைமணிக்கே உரிய சிறு மரபிழையும் சிதைகின்றன. கேடு முற்றினால் உட்சுவரில் துளைவாய் திறக்கும், மின்னழுத்தம் இறங்கும், உள்ளிருந்த சைட்டோகுரோம் வெளியே வந்து, அணுவை மாண்டுபோகுமாறு பணிக்கும். உயிரை நடத்தும் பொருளே இடம் மாறினால் உயிரை முடிக்கும் பொருளாவது வியப்பன்றோ! வெளியே சிதறிய மரபிழைத் துண்டுகளையோ உடல், புகுந்த நோய்க்கிருமி என்று மயங்கி அழற்சியை எழுப்புகிறது. இம்மயக்கத்திற்கும் காரணம் உண்டு. இழைமணியின் முன்னோர் நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு பெரிய அணுவிற்குள் குடியேறிய நுண்ணுயிர். இக்கருத்தை 1967இல் லின் மார்குலிஸ் அம்மையார் வலியுறுத்தி எழுதினார். அக்குடியேறியின் பழைய சாயல் அதன் மரபிழையில் இன்னும் அழியவில்லை.

மறுதிசைப் பயணமும் இத்தகையதே. சிறுநீரகம் தளர்ந்தால், குடலின் நுண்ணுயிர்கள் புரதத்திலிருந்து உண்டாக்கும் இண்டாக்சில் சல்பேட்டு போன்ற கழிவுகள் குருதியில் தங்குகின்றன. அவை இதயத் தசையின் இழைமணிகளைக் கெடுப்பதைச் சோதனைச்சாலையிற் கண்டிருக்கின்றனர். குருதியழுத்தம் ஏறுகிறது, குருதி வெளுக்கிறது. வேலை கூடி, பிராணவாயு குறைந்து, இதயத்தின் கைச்செலவு தட்டுப்படுகிறது. தளர்ந்த இதயம் மீண்டும் சிறுநீரகத்தை வருத்துகிறது. எது முதல், எது பின் என்று கேட்பது செக்கு மாடு எங்கே புறப்பட்டது என்று கேட்பதை ஒக்கும்.

இவையெல்லாம் எலியிலும் கண்ணாடிக் குழாயிலும் கண்டவைதாமே, மனிதரிடத்துச் சான்று உண்டோ என்று வாசகர் கேட்கலாம். எமக்கும் அவ்வையம் இருந்தது. மூன்று சான்றுகளைச் சொல்வோம். 1997இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்றில், இதயம் விரிந்து தளர்ந்த நோயாளரின் மார்பை அறுக்காமலே காந்த முறையால் அளந்து, பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏ.டி.பி.க்கும் உள்ள விகிதம் தாழ்ந்தோர் விரைவில் இறக்கக் கண்டனர். சுப்பாராவ் தசையிற் பிரித்தெடுத்த அவ்விரண்டு பொருளே எழுபது ஆண்டுகளுக்குப் பின் நோயாளியின் ஆயுளைக் காட்டும் அளவுகோலாயின. 2015இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார், வடுவுற்ற மனிதச் சிறுநீரகங்களில் கொழுப்பை எரிக்கும் மரபணுக்களின் வேலை மிகக் குன்றியிருக்கக் கண்டனர்.

மூன்றாவதே எம்மை மிகவும் நம்பச்செய்தது. இழைமணியின் மரபிழை 16,569 எழுத்துகள் கொண்டது. தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருவது. அதில் 3243ஆம் இடத்தில் ஓரெழுத்து மட்டும் பிறழ்ந்து பிறப்போர் உளர். அவர்களுள் சிலருக்குக் காது மந்தமாகும், நீரிழிவு வரும், இதயத் தசை கெடும், சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகள் தழும்பேறும். எல்லார்க்கும் எல்லாம் வருவதில்லை. எனினும் வெளியே யாதொரு குற்றமும் இன்றி, இழைமணியின் குற்றமே இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா? ஏட்டில் ஓரெழுத்துப் பிழையால் பாடலின் பொருள் மாறுவதை நாள்தோறும் காணும் தமிழ் மாணவர், ஈண்டு சற்றே நின்று எண்ணுவர்.

ஆனால் அப்பத்தாவிற்கு உள்ளது அந்த அரிய பிறவிப் பிழையன்று. பதினைந்து ஆண்டு நீரிழிவும் குருதியழுத்தமும் அவருக்கு உண்டு. இத்தகைய பொதுநோயில் இழைமணி கெடுவது முதற்காரணமோ, துணைக்காரணமோ, அன்றி வெறும் விளைவோ என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை. இழைமணியே அனைத்திற்கும் காரணம் என்று சொல்வாரை யாம் நம்புவதில்லை.

இதனை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இழைமணியை வலுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் குப்பிகளும் வில்லைகளும் இன்று பல. சிந்திய நெருப்பை அவிப்பது வைட்டமின் ஈ என்றால், அதனை விழுங்கினால் நலம் வரும் என்பது கேட்க நன்றாகவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்த பெரிய ஆய்வில் அதனால் இதயத்திற்குப் பயன் இல்லை என்று கண்டனர். தொடர்ந்து பார்த்து 2005இல் சொன்னபோது, உண்டவர்க்கு இதயத் தளர்ச்சி சற்று மிகுதியாக வந்தது என்றும் அறிவித்தனர். கோஎன்சைம் கியூ பத்து என்பது 2014இல் 420 நோயாளர் கொண்ட ஓர் ஆய்வில் நலம் காட்டியது; ஆனால் அத்தொகை சிறிது.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்த நலம் வேறு. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த புளோரிசின் என்னும் கசப்புப் பொருள் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவது. அதன் வழிவந்த மருந்துகளை நீரிழிவிற்கென்றே செய்தார்கள். 2019இல் இதயத் தளர்ச்சியிலும், 2020இல் நெடுநாட் சிறுநீரக நோயிலும் அவற்றுள் ஒன்றான டாபாகிளிபுளோசின் பயன்பட்டது. வியப்பு என்னவெனில் நீரிழிவு இல்லாதார்க்கும் பயன்பட்டது! முன்குழல் அணுக்கள் சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்து மீட்கும் வேலையை அது குறைக்கிறது. வேலை குறையவே அவ்வணுக்களின் பிராணவாயுத் தேவையும் குறைகிறது. இழைமணிக்குக் கூடுதலாக விறகு போடாமல், அதன்மேல் ஏற்றிய சுமையை இறக்குவது இது எனலாம். அதன் நன்மை முழுவதும் இவ்வழியால்தானா என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

இவற்றையெல்லாம் படித்த பின்னர், எம் சிற்றப்பாவும் யாமும் இரண்டு சீட்டுகளையும், வீட்டிலிருந்த எல்லா மாத்திரைகளையும் ஒரு துணிப்பையிலிட்டுக்கொண்டு அப்பத்தாவை வேறொரு பொது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பையை மேசைமேற் கவிழ்த்து, சீட்டில் இல்லாத ஓர் அட்டையைத் தனியே எடுத்தார். முழங்கால் வலிக்கென அப்பத்தா மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி ஓராண்டாக விழுங்கிவந்த வலிமாத்திரை அது. அவ்வகை மாத்திரை சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியைக் குறைக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். ஆகவே இரண்டு உறுப்பிற்கும் ஒருங்கே பகை. இரு மருத்துவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பத்தாவும் சொல்லவில்லை. பின்னர் அம்மருத்துவர் இருவரோடும் தொலைபேசியிற் பேசி ஒரே சீட்டாக எழுதித் தந்தார். நீர் பிரியும் மாத்திரை முதலிற் கூடும், கால் வற்றிய பின் குறையும். இரத்தச் சோதனையில் கிரியேட்டினின் சிறிது ஏறினாலும் தேக்கம் நீங்கும்வரை அஞ்ச வேண்டா. ஆனால் வாரந்தோறும் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு உரையும் பொருந்துவனவே, காலம்தான் வேறு என்பது அப்போது எமக்கு விளங்கிற்று. வலிமாத்திரை அன்றே நின்றது.

உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. வற்றலும் வடகமும் அப்பளமும் கருவாடும் உள்ள வீட்டில் அது எளிதன்று. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தவுடன் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையன்று, நீர். மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பாட்டனார் விட்டுச் சென்ற பழைய பேரேட்டில் எழுதாத ஏடுகள் சில இருந்தன. சிற்றப்பா அவற்றில் கோடிட்டு, வரவுப் பக்கத்தில் குடித்த நீரையும், பற்றுப் பக்கத்தில் கழிந்த நீரையும், அடியில் இருப்பாக எடையையும் எழுதி வருகின்றார். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டபோது இருப்பு 51 கிலோ 200 கிராம் என்றார். எலுமிச்சை ஊறுகாய்ச் சாடியைப் பரண்மேல் ஏற்றியிருக்கின்றனர். அதை இறக்கச் சொல்லி அப்பத்தா நாள்தோறும் கேட்கின்றாராம்.